ஏழாவது கொழு

பட்டறையில் எல்லோரும் அவளைப் பென்சில் என்றுதான் கூப்பிட்டார்கள். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அது அங்கே இருப்பதை மறந்து இன்னொன்றை மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருப்பாள். விவசாயக் கருவிகள் செய்யும் அந்தப் பட்டறையில் புதுக் கருவிகளுக்கு வரைபடம் போடுவதும், வரைந்ததைச் செய்து பார்ப்பதும் அவள் வேலை. முதலாளி, லேத்துக்காரர், வெல்டிங்காரர் எல்லோருக்கும் அவள் பென்சில். டிராக்டரை வாடகைக்கு ஓட்டும் அவளுடைய கொழுந்தனுக்கு மட்டும் அண்ணி.

அந்தப் பருவம் முழுக்க அவள் ஒரே வேலையைக் கட்டிக்கொண்டு அழுதாள். கழற்றி மாற்றவும் சாய்வைக் கூட்டிக் குறைக்கவும் வசதியான ஒரு கொழு.

டிராக்டருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் கல்டிவேட்டரில் வரிசையாக இரும்புக் கால்கள் இருக்கும். ஒவ்வொரு காலின் நுனியிலும் மண்ணுக்குள் இறங்கிக் களையை வேரோடு அறுக்கும் தகடுதான் கொழு. கால் வருடக்கணக்கில் உழைக்கும். கொழு சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்ததைக் கழற்றுவது பெரும்பாடு. இரண்டு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். மண் தின்று தின்று போல்ட் தலை மொழுமொழுவென்று ஆகிவிடும், ஸ்பேனர் பிடிக்காது. கல்டிவேட்டருக்கு அடியில் மல்லாந்து படுத்து உளியும் சுத்தியலுமாக மல்லுக்கட்ட வேண்டும். அதற்குப் பயந்தே பலர், இன்னும் ஒரு வயல் ஓடட்டும் என்று தள்ளிப்போடுவார்கள். காகிதமாகத் தேய்ந்த கொழு எங்காவது கல்லில் மோதி உடையும். உடைந்த துண்டு மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அப்படி ஒரு துண்டு ஒருவர் காலில் ஏறியதை அவள் நேரில் பார்த்திருக்கிறாள். ஒரு வயலில் கல்டிவேட்டர் கால்களின் இடைவெளியை அளந்துகொண்டிருந்தபோது, களையெடுக்கும் பெண்களை அழைத்து வரும் மேஸ்திரி அக்கா திடீரென்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். சத்தம்கூடப் போடவில்லை. உள்ளங்காலில் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புத் துண்டு. ஆஸ்பத்திரிவரை அந்தக் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனவள் பென்சில்தான். அக்காவுக்குக் கால் ஆறிவிட்டது. ஆனால் நடையில் ஒரு சின்ன இழுப்பு தங்கிவிட்டது. ஊர் திரும்பியதும் பென்சில் செய்துகொண்டிருந்த மற்ற வேலைகளை ஓரம்கட்டிவிட்டு முதலாளியிடம் போய், சுலபமாகக் கழற்ற முடிந்தால் யாரும் உடையும்வரை ஓட்ட மாட்டார்கள், எனக்கு இதைச் செய்ய விடுங்கள் என்று கேட்டாள்.

முதலில் காலில் நீளமான காடி, அதாவது ஒரு பள்ளம், வெட்டி அதில் கொழுவை நகர்த்திப் பார்த்தாள். காடிக்குள் மண் ஏறிக் கல்லாக இறுகியது. அடுத்து இரண்டு பல் தகடுகளை ஒன்றோடொன்று கடிக்கவிட்டுப் பார்த்தாள். பல்லிடுக்கில் மண் ஏறியது. "இதுக்கு முதல்ல பல்லு விளக்கிவிடணும் போல," என்று லேத்துக்காரர் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது; ஆனால் அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசியில் மண்ணோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு அதையே வேலை வாங்குவது என்று முடிவு செய்தாள். காலின் நுனியில் ஆப்பு மாதிரி சரிவான ஒரு முனை. கொழுவின் முதுகில் அந்த முனைக்குப் பொருந்தும் உறை. செருப்பில் காலை நுழைப்பதுபோல் நுழைத்துவிட்டால் போதும். டிராக்டர் முன்னால் போகப் போக மண்ணே கொழுவைப் பின்னுக்குத் தள்ளி இறுக்கும். கல்டிவேட்டரை மேலே தூக்கும்போது கொழு நழுவாமல் இருக்கக் குறுக்கே செருகும் ஒரு இரும்புப் பின். முனையைச் சாய்க்க மூன்று ஓட்டைகள்: கெட்டி மண்ணுக்கு ஒன்று, பொலபொல மண்ணுக்கு ஒன்று, இரண்டும் இல்லாததற்கு நடுவில் ஒன்று. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படாது என்று வயல் வயலாகப் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தாள்.

பின் விஷயத்தில்தான் தகராறு வந்தது. முதலாளிக்கு அது விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிந்தது. ஒரு போல்ட்டாவது போடு என்றார். கொழுந்தனும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டான். போல்ட் போட்டால் மறுபடி உளியைத்தான் எடுக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள். முதலாளி தலையைச் சொறிந்துகொண்டார்.

"சரி பென்சில். உன் பின்னை நம்பி நானும் உன் பின்னால வர்றேன். ரெண்டு பேரும் பள்ளத்துல விழாம இருந்தா சரி."

ஏழு கால் கல்டிவேட்டர் ஒன்றுக்கு ஏழு கொழுக்கள் செய்தார்கள். ஓட்டிப் பார்க்க வயல் வேண்டுமே. பருத்தி போட்டிருந்த ஒருவர் சம்மதித்தார். எதற்கெடுத்தாலும் "நிதானமா, நிதானமா" என்று சொல்வார் என்பதால் அவருக்கு ஊரில் நிதானம் என்றே பெயர். புதுக் கருவியா, செடிக்கு அடி படாமல் ஓட்டினால் சரி, நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள் என்று ஒத்துக்கொண்டார்.

அன்று அவளால் வயலுக்குப் போக முடியவில்லை. விற்பனைக்கான முதல் தொகுதிக்குத் தகடு வெட்டும் வேலை பட்டறையில் அன்றுதான் தொடங்கியது. அவள் பக்கத்தில் நின்றே ஆக வேண்டும். கொழுந்தன் தனியாகப் போய் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் கல்டிவேட்டரோடு பட்டறைக்கு வந்தான். வரும்போதே முகமெல்லாம் பல்.

"வெண்ணெயில கத்தி போன மாதிரி போச்சு அண்ணி. களையெல்லாம் மல்லாந்து கிடக்கு."

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க, தண்ணீர்க் குழாயை எடுத்து ஒவ்வொரு கொழுவாக மண்ணைக் கழுவினாள். ஓரத்துக் காலுக்கு வந்தபோது மண் கரைந்து வழிந்தது. அடியில் கொழு இல்லை. சரிவான முனை மட்டும் மொட்டையாக நின்றது. பின்னும் இல்லை.

குழாயை அப்படியே கீழே போட்டுவிட்டுக் கொழுந்தனைக் கூப்பிட்டாள். அவன் குனிந்து பார்த்தான், சுற்றி வந்து பார்த்தான், டிராக்டரின் சாமான் பெட்டியைத் திறந்து பார்த்தான். காலையில் ஏழும் இருந்தன, மாட்டியவனே தான்தான் என்றான்.

"கொழு மண்ணுக்குள்ள இருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தியா?"

 முன்னால் போகும்போது மண் கொழுவை இறுக்கும். பின்னால் போனால் அதே மண் அதைப் பிடித்துக் கழற்றப் பார்க்கும். அப்போது மொத்த பாரமும் அந்த ஒற்றைப் பின் மேல்தான். வரையும்போதே இது அவளுக்குத் தெரியும். தாங்கும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

"எடுத்த மாதிரி ஞாபகம் இல்ல அண்ணி," என்றான் அவன். "எடுக்கலன்னு அடிச்சுச் சொல்லவும் முடியல. மூலையில திருப்பறப்போ கொஞ்சம் இப்படி அப்படி ஆயிருக்கலாம்."

நிதானத்துக்குப் போன் போட்டார்கள். அணைத்து வைத்திருந்தது. மறுபடி போட்டார்கள், அதே பதில். உடனே அவனுடைய பைக்கில் இருவரும் வயலுக்குக் கிளம்பினார்கள்.

அங்கே ஆள் இல்லை. மோட்டார் அறை பூட்டியிருந்தது. பக்கத்து வயலில் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தவர்தான் விஷயத்தைச் சொன்னார். நிதானத்தின் மனைவிக்கு மதியம் வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். கல்யாணமாகி எத்தனையோ காலம் கழித்துத் தங்கிய பிள்ளை. மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டதால் எல்லோருக்கும் கவலை. "அந்த மனுஷன் ஓடி நான் இன்னைக்குத்தான் பார்த்தேன்," என்றார் அவர். பிறகு, இவர்கள் கேட்காமலேயே, காலையில் மேஸ்திரி அக்காவின் ஆட்கள் செடியோரக் களை எடுக்க இந்த வயலுக்கு வருகிறார்கள் என்றும் சொன்னார்.

தீட்டிய விளிம்போடு அவள் கொழு ஒன்று அந்த வயலில் எங்கோ பாதி புதைந்து கிடக்கிறது. விடிந்தால் அதன் மேல் வெறுங்காலோடு நடக்கப் போவது அதே அக்கா.

வெளிச்சம் இருந்தவரை வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்தார்கள். கிளறிய மண்ணில் எல்லாமே கொழு மாதிரியும் தெரிந்தது, எதுவுமே கொழுவாகவும் இல்லை. இருட்டத் தொடங்கியதும் அவள் வரப்பில் நின்று முதலாளிக்குப் போன் செய்தாள். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். பின் தாங்கியதா இல்லையா என்று தெரியும்வரை தகடு வெட்டுவதை நிறுத்திவைக்கச் சொன்னாள். எதிர்முனையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். மெஷின் சத்தம் நின்றது.

"நிறுத்தியாச்சு. நீ முதல்ல அதைக் கண்டுபிடி. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்," என்றார் அவர்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

காலையில் பெண்கள் வருவதற்கு முன்பே இருவரும் வயலில் இருந்தார்கள். கொழுந்தன் பழைய இரும்புக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெரிய ஸ்பீக்கர் காந்தத்தை இரவல் வாங்கி வந்திருந்தான். அதைக் கயிற்றில் கட்டி வரிசை வரிசையாக இழுத்துக்கொண்டு போனான். தூரத்திலிருந்து பார்த்தால் நாய்க்குட்டியை நடை கூட்டிப்போகிறவன் மாதிரி இருந்தது.

மேஸ்திரி அக்கா தன் ஆட்களோடு வந்து வரப்பில் கால் வைத்ததும் பென்சில் குறுக்கே போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, உள்ள இறங்காதீங்க. என் கொழு ஒண்ணு கழண்டு எங்கேயோ கிடக்கு. அது கிடைக்கறவரைக்கும் யாரும் இறங்க வேணாம்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "என் காலைப் பார்த்துட்டுப் போய் வரைஞ்சியே, அந்தக் கொழுவா?"

"அதேதான்."

"உடைஞ்சு போச்சா?"

"உடைஞ்ச மாதிரி தெரியல. முழுசா கழண்டிருக்கணும். நிச்சயமா தெரியாது அக்கா."

அக்கா தன் ஆட்கள் பக்கம் திரும்பி, செருப்பைக் கழற்றாதீர்கள், ஆளுக்கு ஒரு வரிசை, களைக்கொத்தியால் கிளறிக்கொண்டே வாருங்கள் என்றார். பென்சில் வேண்டாம் என்று தடுத்தாள்.

"நீ வரப்புல நின்னு அழறதை வேடிக்கை பார்க்கவா நாங்க வந்தோம்?" என்றார் அக்கா. "சும்மா உக்காந்தா எனக்கு இடுப்பு பிடிச்சுக்கும். தள்ளு."

ஆகவே எல்லோருமாகத் தேடினார்கள். அந்த வயலுக்குள் இவ்வளவு இரும்பு இருக்கும் என்று நிதானமே எதிர்பார்த்திருக்க மாட்டார். காந்தத்தில் துருப்பிடித்த ஆணிகள் வந்தன, ஒரு சங்கிலித் துண்டு வந்தது, காம்பில்லாத கரண்டி ஒன்று வந்தது. ஒருத்தி பழைய பூட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டி, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். பழைய கொழுக்களின் உடைந்த நுனிகள் கூட இரண்டு மூன்று வந்தன. ஒவ்வொரு முறை யாராவது குனியும்போதும் பென்சில் ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அது அவள் கொழு இல்லை.

வெயில் ஏறியது. நின்று தண்ணீர் குடித்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவள் இவ்வளவு நேரம் கொழுவைத் தேடினாளே தவிர, கொழு போன தடத்தைப் பார்க்கவில்லை. கொழு உள்ள கால் மண்ணை அகலமாகப் புரட்டிப்போடும். மொட்டைக் கால் குச்சியால் கீறிய மாதிரி ஒரு கோடுதான் போடும். வரிசைகளின் தலைமாட்டில் ஓட ஆரம்பித்தாள். டிராக்டர் ஒருமுறை போன முதல் நடையில் ஏழும் அகலத் தடம். அடுத்ததிலும் ஏழு. மூலையில் டிராக்டர் பின்னால் வந்த டயர் தடம் நன்றாகவே தெரிந்தது. அதைப் பார்த்ததும் கொழுந்தன் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த மூலையைத் தாண்டியும் ஏழு தடங்கள் ஓடின. அதற்கு அடுத்த நடையிலும் ஏழு. மோட்டார் அறையை ஒட்டிய கடைசி நடையில் மட்டும், தொடக்கத்திலிருந்தே, ஆறு அகலத் தடமும் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடும்.

"இதுக்கு முன்னாடி எங்க நிறுத்தினே?" என்று கேட்டாள்.

"இங்கேயேதான். தலை சுத்தற வெயிலா இருந்துச்சு. ரோட்டோரக் கடையில ஒரு டீ குடிச்சுட்டு வந்து கடைசி நடையை ஓட்டினேன்."

அப்படியானால் கொழு ஓட்டத்தில் விழவில்லை. டிராக்டர் நின்ற இடத்தில்தான் போயிருக்கிறது. அந்த இடத்தை எல்லோரும் சேர்ந்து கிளறினார்கள், மண்ணைக் கையால் அள்ளி அரித்தார்கள். ஒன்றும் இல்லை. யாராவது எடுத்துப் போயிருப்பார்களோ என்று ஒருத்தி சொன்னாள். அதற்குள் கொழுந்தன் ரோட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினான். ஷேர் ஆட்டோவிலிருந்து நிதானம் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை, கண் இரண்டும் சிவந்திருந்தன. போன வேலை என்ன ஆயிற்று என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. அவர் வரப்பில் நின்று, தன் வயலின் ஓரத்தில் குழி பறித்துக்கொண்டிருக்கும் கூட்டத்தைப் பார்த்தார்.

"என்ன, புதையல் ஏதாவது வந்துருச்சா?"

மேஸ்திரி அக்காதான் கேட்டார். "அதை விடுங்க. வீட்டுல எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா." அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பொண்ணு. எடை கொஞ்சம் கம்மிதான், ஆனா பயப்பட ஒண்ணும் இல்லன்னு டாக்டர் காலையில வந்து சொன்னாங்க. வீட்டுல மாத்துத்துணி எடுக்க வந்தேன், கூட்டத்தைப் பார்த்து இங்க இறங்கிட்டேன்."

பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அவர் போனை நீட்டினார். துணிக்குள் சுருண்டு, உலகத்தின் மேல் ஏதோ கோபம் போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது குழந்தை. போன் கை மாறி மாறி மண் கையோடு வரப்பின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. பென்சிலும் பார்த்தாள். அந்தச் சுளிப்பைப் பார்த்ததும், நேற்று சாயங்காலத்திலிருந்து தன் முகத்தில் இருந்த சுருக்கம் தானாகத் தளர்வது அவளுக்குத் தெரிந்தது. இந்தச் சமயத்தில் தன் கவலையை அவரிடம் சொல்வதா என்று இருந்தது. சொல்லாமலும் முடியாது.

"அண்ணே, மன்னிச்சுக்கங்க. நேத்து உங்க வயல்ல எங்க கொழு ஒண்ணு தொலைஞ்சு போச்சு. அதைத்தான் தேடிட்டு இருக்கோம்."

அவர் புரியாமல் பார்த்தார். "தொலைஞ்சு போச்சா? ஓரத்துக் கொழுவா?"

"ஆமா."

நிதானம் நெற்றியில் அடித்துக்கொண்டார். மறுபேச்சு இல்லாமல் மோட்டார் அறைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார். சுவிட்சுப் பெட்டியின் மேலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். ஏழாவது கொழு. பின்னைக்கூடப் பொறுப்பாக அதன் ஓட்டையிலேயே செருகி வைத்திருந்தார்.

"நான்தாம்மா கழட்டி வெச்சேன். கடைசி நடை தண்ணிக் குழாயை ஒட்டிப் போகும். ஓரத்துக் கொழு குழாயைக் கிழிச்சுட்டா என்ன பண்றதுன்னு, தம்பி டீ குடிக்கப் போனப்போ எடுத்து உள்ள வெச்சேன். வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வீட்டுலேர்ந்து போன். எனக்கு அப்புறம் என் பேரே ஞாபகம் இல்ல."

பென்சில் கொழுவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின் நேராக இருந்தது. உறையில் ஒரு கீறல் இல்லை.

"எதால கழட்டினீங்க?" என்று கேட்டாள்.

அவர் சற்றுப் பயந்துபோனார். "எதால... கையாலதான். பின்னை இழுத்தேன். ஒரு கல்லால ரெண்டு தட்டு தட்டினேன், கழண்டு வந்துருச்சு. கழட்டக்கூடாதா?"

அவள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, இரண்டையும் நிறுத்த முடியவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஸ்பேனர் இல்லாமல், உளி இல்லாமல், ஒரு மனிதர் நின்ற நிலையில் கழற்றி அலமாரியில் வைப்பதுபோல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்காகத்தானே அவள் இவ்வளவு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். மேஸ்திரி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் அவள் முகத்தில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டார்.

"ரொம்ப நல்லா செஞ்சுட்டே போல. அதான் வம்பு," என்றார்.

கொழுந்தனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மூலையில் கிடந்த டயர் தடம் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. கழற்றியது அவர்தான் என்றாலும், ரிவர்ஸ் எடுத்தது நான்தானே அண்ணி என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அதைக் கேட்டதும்தான் விஷயம் உறைத்தது. அந்த மூலையில் கொழு மண்ணுக்குள் இருக்கும்போதே வண்டி பின்னால் வந்திருக்கிறது. வந்தும் ஏழு கொழுவும் கழலாமல் அடுத்த நடையை ஓட்டியிருக்கின்றன. அவள் எழுந்து ஓடிப்போய் அந்த இடத்தை மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை. அவள் இரவெல்லாம் பயந்த அந்த ஒன்று அவளுக்குத் தெரியாமலேயே நடந்து முடிந்திருந்தது, பின் தாங்கியிருந்தது.

முதலாளிக்குப் போன் செய்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் நீளமாக மூச்சு விட்டார்.

"ராத்திரி முழுக்க என் பெண்டாட்டிகிட்ட திட்டு வாங்கினேன், புரண்டு புரண்டு படுத்து அவளையும் தூங்க விடலன்னு. சரி, மெஷினைப் போடச் சொல்லட்டுமா?"

"தகடு வெட்டச் சொல்லுங்க சார். பின் மட்டும் வேணாம். அதை மாத்தணும்."

"மறுபடியுமா?"

அவள் விளக்கினாள். மொட்டைக் காலைப் பார்த்தபோது அது விழுந்ததா, ஆள் கழற்றியதா என்று அவளுக்கே தெரியவில்லை. நாளைக்கு இதை வாங்கும் யாருக்கும் அந்தக் குழப்பம் வரக்கூடாது. பின்னை ஒரு சின்னச் சங்கிலியில் கோத்துக் காலோடு சேர்த்துவிட வேண்டும். கொழுவைக் கழற்றி எடுத்தால் பின் காலிலேயே தொங்கும். பார்த்தவுடன் தெரியும். பின்னைக் கொஞ்சம் தடியாகவும் ஆக்கிவிடலாம், ஒரு தடவை தாங்கியது எப்போதும் தாங்கும் என்று இருக்க முடியாது. முதலாளி முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். சங்கிலிக்கு எங்கே போவது என்று அவர் புலம்ப ஆரம்பித்தபோது அவள் மெதுவாகப் போனை வைத்துவிட்டாள்.

பெண்கள் வரிசைக்கு ஒருவராக வயலுக்குள் இறங்கினார்கள். பொறுக்கிய ஆணியும் பூட்டும் கரண்டியும் வரப்பில் ஒரு குவியலாகக் கிடந்தன. இனி நம் வயலில் செருப்பில்லாமலே தூங்கலாம் என்று நிதானம் சொன்னதற்கு, தூங்குவதற்குச் செருப்பு எதற்கு என்று அக்கா கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தூங்கி ரொம்ப நேரம் ஆகிறது, என்ன பேசுகிறேன் என்று தெரியவில்லை என்றார்.

அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போக ஆட்டோ எதுவும் இல்லை. ரோட்டோர டீக்கடைக்காரரின் பைக்கையும் இரவல் வாங்கி, கொழுந்தன் ஒன்றில் நிதானத்தை ஏற்றிக்கொண்டான், பென்சில் அவர் வீட்டில் எடுத்த மாற்றுத்துணிப் பையோடு மற்றொன்றில் பின்னால் போனாள். காந்தத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் அந்த வழியில்தான்.

வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் நிதானத்தின் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்த கோபமெல்லாம் போயிருந்தது. பென்சில் தன் கையை மூன்று முறை கழுவிவிட்டுத்தான் கிட்டே போனாள். நிதானம் வயலில் நடந்த கூத்தை முழுக்கச் சொன்னார். அந்த அம்மா சிரிக்க முயன்று, தையல் இழுக்கவே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பிறகு புருஷனைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாம் சரி. மோட்டார் ரூமைப் பூட்டினீங்களா?"

நிதானம் வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார்.

கொழுந்தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தான். "நான் பூட்டிட்டேன் அக்கா."

"நல்லவேளை," என்று அந்த அம்மா தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நிதானம் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தவர், சுவரில் தலையைச் சாய்த்தார். பேச்சு சத்தம் கேட்காததால் பென்சில் திரும்பிப் பார்த்தபோது, அவரும் தூங்கிப்போயிருந்தார். அவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கொழுந்தனுக்குக் கண்ணைக் காட்டினாள். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்தார்கள்.